பச்சை நாடா கட்டிய எட்டுக் கத்தரிகள்

துணி வெட்டுகிற கத்தரியால் காகிதம் வெட்டக் கூடாது. தையல் தொழிலில் இருக்கும் யாரைக் கேட்டாலும் முதலில் இதைத்தான் சொல்வார்கள். காகிதம் பார்க்கப் பரம சாது. ஆனால் நாலு தடவை வெட்டினால் போதும், கத்தரியின் கூர் போய்விடும். என் மனைவி ஒருமுறை அவசரத்துக்கு நாள்காட்டித் தாளை வெட்டிவிட்டாள் என்று இரண்டு நாள் நான் அவளோடு பேசவில்லை. மூன்றாவது நாள் நான் பேசியபோது அவள் பேசவில்லை, அது வேறு கதை.

நீங்கள் கேட்டது கத்தரியைப் பற்றி இல்லை என்று தெரியும், ஐயா. மைதானத்தில் நடந்ததை என் கையாலேயே எழுதிக் கொடுக்கச் சொன்னீர்கள். கத்தரியிலிருந்து தொடங்கினால்தான் எனக்குக் கோவையாக வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பஸ் நிலையத்துக்குப் பின்னால் எனக்குக் கடை. லாரித் தார்ப்பாய், கூடாரம், வண்டி உறை, இவைதான் பிழைப்பு. இவை தவிர, பதினெட்டு வருஷமாக நம் நாட்டுக் கால்பந்து ரசிகர் குழுவுக்குத் துணி தைத்தேன். துணி என்றால் கொடி இல்லை. நீங்களும் டிவியில் பார்த்திருப்பீர்கள். பக்கத்து நாட்டோடு ஆட்டம் என்றால், தேசிய கீதம் தொடங்கும் நொடியில் வடக்கு அரங்கு முழுவதையும் மூடிக்கொண்டு ஒரு ராட்சதப் படம் மேலேறுமே, அந்தத் துணி. அதன் அடியில் மூவாயிரம் பேர் கையை உயர்த்தித் தாங்கி நிற்பார்கள். அவர்களுக்குப் படம் தெரியாது. தெரிவதெல்லாம் துணியின் பின்பக்கமும் முன்னால் நிற்பவரின் பிடரியும்தான். எதிரே இருப்பவன் பார்த்து வாயடைக்க வேண்டும் என்பதற்காக இருட்டில் நின்று கை கடுக்கத் தூக்குகிறார்களே, அவர்களுக்காகவே ஒவ்வொரு தையலையும் இரண்டு தடவை இழுத்துப் பார்ப்பேன்.

குழுவின் தலைவர் ஒரு பல் டாக்டர். ஆட்டத்தன்று கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போய், மறுநாள் நோயாளிகளிடம் வாயைத் திறக்கச் சொல்வதைச் சைகையில்தான் சொல்வார். அங்கே டாக்டரும் ஒன்றுதான், மூட்டை தூக்குபவரும் ஒன்றுதான். ஆனால் நான் மட்டும் கொஞ்சம் ஒசத்தி. துணியை ஏற்றவும் இறக்கவும் விசில் என் கையில். அரங்குக்கு எதிரே, புல்தரை ஓரத்தில் போட்ட மேடையில் நான் ஒருவன் மட்டும் நிற்பேன். முழுப் படத்தையும் பார்க்கிற எங்கள் ஆள் நான் ஒருவன்தான். கடையில் என்னை எவனும் பெயர் சொல்லிக்கூடக் கூப்பிட மாட்டான். “யோவ் தார்ப்பாய்” என்றுதான். அந்த மேடையில் நான் கன்னத்தை உப்பினால் மூவாயிரம் பேர் கையைத் தூக்கினார்கள்.

எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. துணிக்கு அடியில் அங்கங்கே எட்டுப் பேர் கத்தரியோடு நிற்பார்கள். வெட்டுக்காரர் என்போம். யாருக்காவது மூச்சு முட்டினாலோ மயக்கம் வந்தாலோ, வெட்டுக்காரர் எவரையும் கேட்க வேண்டியதில்லை. துணியை வெட்டிக் காற்று விடலாம். வெட்டியவரை ஏன் வெட்டினாய் என்று அப்புறமும் கேட்கக் கூடாது. குழு ஆரம்பித்த நாளிலிருந்து இது சட்டம். கத்தரியைச் சாணை பிடித்துக் கொடுப்பது தைப்பவனின் பொறுப்பு.

பதினைந்து வருஷம் ஒரு வெட்டுகூட விழவில்லை. மூன்று வருஷத்துக்கு முன்னால் விழுந்தது.

அந்தத் தடவை படம் நம் பழைய கோல்கீப்பர். பக்கத்து நாட்டின் கடைசிப் பெனால்டியை ஒற்றைக் கையால் தட்டிவிட்டவர். முகம் மட்டுமே முப்பது அடி உயரம். மெல்லிய பருத்தியில் நாலு மாதம் தைத்தேன், என் மனைவிதான் வண்ணம் பார்த்தாள். துணி ஏறி இருபது நொடி இருக்கும். அடியில் ஒரு பெரியவர் மயங்கி விழுந்திருக்கிறார். பக்கத்தில் நின்ற வெட்டுக்காரர் ஒரு தபால் நிலைய எழுத்தர். பதறிப்போய்த் துணியில் கத்தரியை வைத்துவிட்டார். விறைத்து நிற்கும் துணி, ஐயா. ஒரு முழம் வெட்டினால் மீதியை அது தானே கிழித்துக்கொள்ளும். கோல்கீப்பரின் மூக்கு இந்தக் கன்னத்திலிருந்து அந்தக் கன்னம்வரை இரண்டாகப் பிளந்தது. அந்த ஓட்டை வழியாகப் பத்துப் பதினைந்து தலைகள் எட்டிப் பார்த்தன. மூக்கறுபடுவது என்பார்களே, எனக்கு அது நாற்பதாயிரம் பேர் முன்னிலையில் நடந்தது.

அந்தப் பெரியவர் கால்மணி நேரத்தில் எழுந்து உட்கார்ந்து தண்ணீர் குடித்தார். காற்று வந்ததால்தான் பிழைத்தார் என்று டாக்டர்கள் சொன்னார்களாம். டாக்டர்கள் அப்படித்தான் சொல்வார்கள். எனக்குப் புரிந்தது இவ்வளவுதான்: மனிதர்கள் சும்மாவே பதறுகிறார்கள்.

அடுத்த ஆட்டம் அவர்கள் ஊரில். போயிருந்தோம். நம் அணி வரிசையாக வந்து நின்றதும், எதிர் அரங்கில் எட்டாயிரம் பேர் ஒரே நேரத்தில் எழுந்தார்கள். ஒவ்வொருவர் கையிலும் அட்டையில் செய்த ஒரு பெரிய ஊசி, வாலில் நூல். மேளம் ஒன்று அடிக்க, எட்டாயிரம் பேரும் எங்களைப் பார்த்துக் காற்றில் தைத்தார்கள். குத்தி, இழுத்து, குத்தி, இழுத்து. கடைசியில் பல்லால் நூலைக் கடித்துத் துப்புகிற மாதிரி எல்லோரும் சேர்ந்து செய்து காட்டினார்கள். நன்றாகத்தான் ஒத்திகை பார்த்திருந்தார்கள். டிவியில் ஒரு வாரம் ஓடியது. நம் ஊர்க்காரர்களே சிரித்தார்கள். லாரிக்காரர்கள் தார்ப்பாயை வாங்கிக்கொண்டு, “மூக்குப் பக்கம் கிழியாதே?” என்று கேட்டார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். வெட்கமில்லாமல் எழுதுகிறேன், மூன்று வருஷமும் காதில் அந்த மேளம்தான்.

இந்த வருஷம் ஆட்டம் நம் ஊரில் என்று முடிவானதும் பல் டாக்டர் கடைக்கு வந்தார். வழக்கமாக வந்ததும் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காருபவர், அன்று நின்றுகொண்டே பேசினார்.

“அண்ணே, பசங்க எல்லாம் மெஷின்ல அச்சடிச்சு வாங்கிடலாம்னு சொல்றாங்க. நான்தான் இன்னொரு தடவை உங்களுக்குக் கொடுக்கலாம்னு சொல்லி வச்சிருக்கேன்.”

“கொடுங்க டாக்டர். இந்தத் தடவை கிழியாது.”

“கிழிஞ்சா அத்தோட சரி. நீங்களும் எங்களை மாதிரி டிக்கெட் வாங்கி வரிசையில நின்னுக்கணும். கோவிச்சுக்காதீங்க.”

கோபித்துக்கொள்ளவில்லை. அவர் போன பிறகு ஆணியில் தொங்கிய விசிலை எடுத்துத் துடைத்து வைத்தேன். எனக்குக் குழந்தை இல்லை, சொத்து இல்லை, ஊரில் ஒரு பேர் இல்லை. அந்த மேடையும் விசிலும் போய்விட்டால் மிச்சம் இருப்பது “யோவ் தார்ப்பாய்” மட்டும்தான். நீங்கள் காரணம் கேட்டீர்களே, காரணம் அதுதான். வேறு பெரிதாக ஒன்றும் இல்லை.

அதே கோல்கீப்பரைத்தான் மறுபடியும் தைத்தேன். இந்த முறை பருத்தி இல்லை. தண்ணீர் புகாத பூச்சுத் துணி. அதில் காற்றும் புகாது, அது எனக்குத் தெரியும். குறுக்கும் நெடுக்குமாக நாலடிக்கு ஒரு பெல்ட் நாடா வைத்து இரட்டைத் தையல் போட்டேன். எங்காவது கிழிந்தாலும் நாடாவோடு நின்றுவிடும். கையால் பிடித்தால் நழுவும் என்று, கீழ் விளிம்பிலும் பக்க விளிம்புகளிலும் லாரிக்குப் போடுகிற இரும்புக் கொக்கி வைத்துத் தைத்தேன். மேல் விளிம்பை எப்போதும்போலப் பின்சுவரில் கயிற்றால் இழுத்துக் கட்டிவிடுவோம். மற்ற விளிம்புகளை அரங்கைச் சுற்றியுள்ள கம்பி வேலிக்கு வெளிப்புறமாக மாட்டிவிட்டால், வெளியே நிற்கும் ஆட்கள் கழற்றினால்தான் உண்டு. அவர்கள் என் விசிலுக்காகக் காத்திருப்பார்கள். என் மனைவி ஒருநாள் துணியை முகத்தின்மேல் போட்டுப் பார்த்துவிட்டு, “ஏங்க, உள்ள வேகுதே” என்றாள். ரெண்டு நிமிஷம்தானே என்றேன்.

மிச்சம் இருந்தது கத்தரி.

மைதானத்தின் பாதுகாப்பு அதிகாரி கறாரான அம்மா. துணி இரண்டு நிமிஷத்தில் இறங்க வேண்டும், எட்டு வெட்டுக்காரர்கள் எட்டுக் கத்தரியோடு நின்றாக வேண்டும், இல்லாவிட்டால் அனுமதி இல்லை என்று எழுத்தில் கொடுத்திருந்தார். ஆட்டத்துக்கு முந்தின நாள் கத்தரியைக் காட்டச் சொன்னார். என் சொந்தக் கத்தரியை எடுத்து, அதே துணியில் ஒரு துண்டை, நாடாவோடு சேர்த்து, வெண்ணெய் மாதிரி வெட்டிக் காட்டினேன்.

“எல்லாமே இப்படி வெட்டுமா?”

“எல்லாம் ஒரே கையில சாணை பிடிச்சதுங்க மேடம்.”

பொய் இல்லை. எட்டையும் நான்தான் சாணை பிடித்தேன். சாணையில் கத்தரியைச் சாய்த்துப் பிடித்தால் கூராகும். நிமிர்த்திப் பிடித்தால் விளிம்பு வழவழவென்று உருண்டுவிடும். பார்க்க முன்னைவிடப் பளபளப்பாக இருக்கும். அப்புறம் ஒவ்வொன்றாலும் மூன்று முறை இரும்புக் கம்பியை வெட்டினேன். மொட்டைக் கத்தரி துணியை வெட்டாது, ஐயா. துணி மடிந்து இரண்டு அலகுக்கும் நடுவே போய் உட்கார்ந்துகொள்ளும். எவ்வளவு அழுத்துகிறோமோ அவ்வளவு இறுக்கமாக உட்காரும். எட்டுக்கும் எண்ணெய் போட்டேன், பிடியில் நம் அணியின் பச்சை நிறத்தில் நாடா கட்டினேன். கத்தரி இல்லாமல் யாரையும் நான் நிறுத்தவில்லை. நிபந்தனை எட்டுக் கத்தரி என்றது, எட்டும் இருந்தன.

எட்டாவது வெட்டுக்காரன் என் மைத்துனன். என் மனைவிக்கு ஒரே தம்பி, டவுன் பஸ் ஓட்டுகிறான். ஓட்டினான். சாலையில் நாய்க்குட்டி படுத்திருந்தால் பஸ்ஸை நிறுத்தி இறங்கி அதை ஓரமாக விட்டுவிட்டுப் போகிற ரகம், பயணிகள் திட்டுவார்கள். ஆட்டம் நாலு மணிக்கு. மூன்றரை மணிக்கு நுழைவாயில் பக்கத்தில் கத்தரியைக் கொடுத்தேன். விரலை மாட்டித் திறந்து மூடிப் பார்த்தான். சட்டைப் பையிலிருந்து நுழைவுச் சீட்டின் அடிக்கட்டையை எடுத்தான்.

“மாமா, ஒரு தடவை வெட்டிப் பார்த்துக்கட்டுமா?”

“துணிக் கத்தரிடா மாப்ளே. அதுல போய் காகிதத்தை வெட்டுவியா?”

நாக்கைக் கடித்துக்கொண்டு சிரித்தான். “அக்காவையே விடல, என்னை விடுவீங்களா” என்று சொல்லிக் கத்தரியை இடுப்பில் செருகினான்.

அந்த நேரம் என் சொந்தக் கத்தரி என் இடுப்பில் இருந்தது. அவனுக்கு மட்டும் அதைக் கொடுத்துவிடலாமா என்று நினைத்தேன். நினைக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் எட்டுப் பேரில் இவன்தான் முதலில் வெட்டுவான் என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும். யாராவது இருமினாலே வெட்டிவிடுவான். அதனால் கொடுக்கவில்லை.

கீதம் தொடங்கியது. விசில் ஊதினேன். துணி கீழிருந்து மேலே ஏறியது, ஒரு சுருக்கம் இல்லாமல். கொக்கிகளை மாட்டினார்கள். எதிர் அரங்கில் அவர்கள் மறுபடியும் அட்டை ஊசிகளோடுதான் வந்திருந்தார்கள். படம் முழுதாக விரிந்ததும் மேளம் நின்றது. திரும்பிப் பார்த்தேன். எட்டாயிரம் பேர் தூக்கிய ஊசியை என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார்கள். சிலர் மெதுவாகக் கீழே இறக்கினார்கள். மூன்று வருஷத்தில் முதல்முறையாக என் காது அமைதியானது.

முக்கிய விருந்தினராக அந்தக் கோல்கீப்பரே வந்திருந்தார். கிழவராகிவிட்டார். தன் முகத்தைப் பார்த்து எழுந்து நின்று நெஞ்சில் கை வைத்தார். பெரிய திரையில் அதைக் காட்டினார்கள். அரங்கமே எழுந்தது.

அப்போதுதான் விளிம்புகளில் பச்சைப் புகை கசிந்தது. ரசிகர்கள் ஆட்டத்தன்று கொளுத்துகிற கலர்ப் புகைக்குழல் ஒன்றை யாரோ துணிக்கு அடியிலேயே பற்ற வைத்துவிட்டார்கள். எப்போதும் வெளியேதான் பற்ற வைப்பார்கள், எங்கள் ஆட்களில் யார் அப்படிச் செய்தது என்று உண்மையிலேயே எனக்குத் தெரியாது. ஆனால் புகையைப் பார்த்தேன். சாதாரணத் துணி என்றால் அது மேலே போயிருக்கும். இது போகவிடாத துணி.

ஒன்றரை நிமிஷம் ஆகியிருக்கும். துணி அடியிலிருந்து புடைக்க ஆரம்பித்தது. முதலில் கன்னத்தில், பிறகு நெற்றியில். கைகள், ஐயா. உள்ளங்கைகளும் முட்டிகளும் துணியில் தெரிந்தன. கோல்கீப்பர் மூச்சு விடுவது போல இருக்கிறது என்று வர்ணனையாளர் ஒலிபெருக்கியில் சொன்னார். கூட்டம் ஆர்ப்பரித்தது. உள்ளிருந்து வந்த சத்தமும் அதே சத்தம் மாதிரிதான் கேட்டது. மாதிரிதான் என்று எழுதுகிறேன். பதினெட்டு வருஷம் அந்தக் கூட்டத்தின் சத்தத்தைக் கேட்டவன் நான், எனக்கு வித்தியாசம் தெரியும்.

விசில் வாயில்தான் இருந்தது. கிழவர் இன்னும் நின்றுகொண்டிருந்தார். அவர் உட்காரட்டும் என்று நினைத்தேன். கீதம் முடிந்தது, கூட்டம் தானாகவே அதை மறுபடியும் முதலிலிருந்து பாடத் தொடங்கியது. இது முடியட்டும் என்று நினைத்தேன். கொக்கி ஆட்கள் என்னையே பார்த்தார்கள். பொறுங்கள் என்று கை காட்டினேன். துணியின் கீழ்ப்பக்கம், வேலியோரம், மூட்டைகளை அடுக்கியது போலக் கனத்துத் தொங்கியது. மேடையிலிருந்து அங்கே இருபது தப்படி தூரம். என் இடுப்பில் வெட்டுகிற கத்தரி இருந்தது. புடைப்புகள் ஒவ்வொன்றாக அடங்கியபோது, பார்த்தாயா, சும்மாவே பதறினார்கள், இப்போது சரியாகிவிட்டது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஐந்து நிமிஷம் பத்து நொடி. உங்கள் வீடியோவில் சரியாக இருக்கிறது, மறுக்கவில்லை. கிழவர் உட்கார்ந்தார். நான் ஊதினேன்.

ஒன்பது பேர். ஆறு பேர் வேலியோரம் நசுங்கி, மூன்று பேர் புகையில். என் மைத்துனன் புகையில் போனவன். வேலிப் பக்கம் ஓடாமல், நின்ற இடத்திலேயே நின்று வெட்டப் பார்த்திருக்கிறான். அவன் காலடியில் கிடந்த இரண்டு பேர் பிழைத்திருக்கிறார்கள், அவர்கள் சொன்னது உங்களிடமே இருக்கிறது.

அவன் பொருள்களை ஆஸ்பத்திரியில் ஒரு பையில் போட்டுக் கொடுத்தார்கள். கைக்கடிகாரம், பணிமனை அடையாள அட்டை, பச்சை நாடா கட்டிய கத்தரி. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் கத்தரி வளையத்தில் வீங்கி மாட்டிக்கொண்டதால் சோப்புத் தண்ணீர் ஊற்றிக் கழற்ற வேண்டியிருந்ததாம். என் மனைவி வீட்டுக்கு வந்து, அழாமல், வெட்டுமேஜையில் உட்கார்ந்தாள். அடியில் கிடந்த துணித் துண்டு ஒன்றை எடுத்து அந்தக் கத்தரியால் வெட்டினாள். துணி மடிந்தது. இரண்டு கையாலும் அழுத்தினாள். மடிந்தது.

“நீங்க சாணை பிடிச்சதுதானே?”

“ஆமா.”

“உங்க கத்தரி வெட்டாம நான் பார்த்ததே இல்லையே.”

துண்டைப் பிரித்து அதில் விழுந்த மடிப்பைக் கட்டைவிரலால் நீவி நீவிப் பார்த்துக்கொண்டிருந்தாள். “எத்தனை தடவை அழுத்தியிருப்பான்” என்றாள். என்னிடம் கேட்ட மாதிரி இல்லை. மறுநாள் காலையில் கத்தரியை எடுத்துக்கொண்டு அவள் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். அவள் உங்களிடம் ஏதாவது சொன்னாளா என்று கேட்டேன், இல்லை என்றீர்கள். ஆக, யாரும் காட்டிக்கொடுத்து நான் வரவில்லை. மனசாட்சி உறுத்தி வந்திருக்கிறேன் என்று நீங்கள் எழுதிக்கொள்ளப் பார்த்தீர்கள். உறுத்துகிறது, இல்லை என்று சொல்லவில்லை. அவன் சிரிப்பு கண்ணை விட்டுப் போகவில்லை. ஆனால் அதற்காக மட்டும் என்றால் வீட்டிலேயே இருந்திருப்பேன்.

விசாரணைக் குழுவின் முதல் அறிக்கை நேற்றுப் பத்திரிகையில் வந்தது. அந்தச் செய்தியை மட்டும் எடுத்து வந்து உங்கள் மேஜையில் வைத்திருக்கிறேன். பிளேடால்தான் வெட்டினேன். இரண்டாவது பத்தியைப் பாருங்கள். “தரமற்ற தையல் பிரிந்ததால் துணி சரிந்து பார்வையாளர்கள்மீது மூடிக்கொண்டதே விபத்துக்குக் காரணம்” என்று போட்டிருக்கிறார்கள். பக்கத்து நாட்டுப் பத்திரிகைகளும் அதை எடுத்துப் போட்டிருக்கின்றன. ஊசிப் படத்தோடு.

அது பொய், ஐயா. துணி சரியவே இல்லை. கடைசி நொடிவரை இருந்த இடத்தில் இருந்தது. ஒன்பது பேரையும் நான்தான் கொன்றேன். கத்தரியை மொட்டையாக்கியது நான், கொக்கி வைத்தது நான், தெரிந்தே விசிலை ஊதாமல் நின்றது நான். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். அறிக்கையில் அந்த இரண்டாவது பத்தியை மட்டும் திருத்தச் சொல்லுங்கள். துணி உங்கள் காவலில்தான் இருக்கிறது. விரித்துப் பாருங்கள். இடது கன்னத்துக்குக் கீழே, என் மைத்துனன் நின்ற இடத்தில், கத்தரி கடித்த மடிப்புகள் நாற்பது ஐம்பதாவது இருக்கும், விரலால் தடவினால் தெரியும். மூவாயிரம் பேர் உள்ளிருந்து இழுத்திருக்கிறார்கள், முட்டியிருக்கிறார்கள், நகத்தால் பிறாண்டியிருக்கிறார்கள். மூலைக்கு மூலை, நாடாவுக்கு நாடா பாருங்கள். ஒரு தையல்கூட விடவில்லை.